விளக்கு எரிகிறது, பாதை இல்லை: பி.எஃப்.டி. டைமர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு ரவுட்டர்களை ஒரே கேபிள் நேரடியாக இணைத்திருந்தால், அது அறுந்த உடனே இரு முனைகளிலும் போர்ட் விளக்கு அணைந்துவிடும்; இன்டர்ஃபேஸ் விழுந்த செய்தியும் மிகக் குறுகிய நேரத்தில் ரூட்டிங் நெறிமுறையை எட்டிவிடும். ஆனால் அலுவலகங்களும் தரவு மையங்களும் வாடகைக்கு எடுக்கும் இணைப்புகளில் பெரும்பாலானவை அப்படி நேரடியானவை அல்ல. ரவுட்டரிலிருந்து புறப்படும் கேபிள் பக்கத்து ரேக்கில் இருக்கும் சேவை நிறுவனத்தின் ஸ்விட்சிலோ மீடியா கன்வர்ட்டரிலோ போய் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டிக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, சாலை தோண்டும் இயந்திரம் ஃபைபரை அறுத்தாலும் ரவுட்டரின் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். இப்படி விளக்கு காட்டிக்கொடுக்காத அறுப்பை விரைவாகக் கண்டுபிடிப்பதே பி.எஃப்.டி. என்ற சிறு நெறிமுறையின் வேலை.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இதை முதன்முதலாக நேரில் பார்த்தேன். இரண்டு நிறுவனங்களிடமிருந்து எடுத்த இரண்டு இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இரண்டிலும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற ரூட்டிங் நெறிமுறை (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஓடியது. முதல் இணைப்பு நடுவழியில் அறுந்தபோது இன்டர்ஃபேஸ் விழவில்லை, லாக்கில் ஒரு வரியும் வரவில்லை. மேசையில் இருந்த கணினியின் பிங் திரையில் மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்ற வரி ஒன்றன்பின் ஒன்றாக எட்டு முறை வந்தது. அதன் பிறகே இரண்டாவது இணைப்பின் வழியாகப் பதில் வரத் தொடங்கியது. மாற்றுப்பாதை முதல் நொடியிலிருந்தே தயாராக இருந்தும், பழைய பாதை செத்துவிட்டது என்பதை ரவுட்டர் அறிந்துகொள்ளவே நாற்பது வினாடி ஆயிற்று.

அந்த நாற்பது வினாடி தற்செயலானதல்ல. ஓ.எஸ்.பி.எஃப்.இன் வழக்கமான அமைப்பில் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் ஹலோ பாக்கெட் 10 வினாடிக்கு ஒன்று போகும். 40 வினாடி வரை அண்டை ரவுட்டரின் ஹலோ வராவிட்டால்தான் அது இறந்ததாகக் கருதப்படும். நிறுவனங்களுக்கிடையே பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான பி.ஜி.பி. இன்னும் நிதானமானது. அதன் விதிமுறையான ஆர்.எஃப்.சி. 4271 ஹோல்ட் டைமுக்கு, அதாவது எதிர்முனையின் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் காலத்துக்கு, 90 வினாடியைப் பரிந்துரைக்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் வழக்கமாக இருப்பது 180 வினாடி. நிரம்பி ஓடும் 10 கிகாபிட் இணைப்பில் நாற்பது வினாடி என்றால் ஏறத்தாழ 50 கிகாபைட் தரவு எங்கும் போய்ச் சேராமல் தொலைகிறது. கோப்புப் பரிமாற்றம் மறுபடி முயன்று தப்பித்துக்கொள்ளும். தொலைபேசி உரையாடலும் பணப் பரிவர்த்தனையும் அப்படித் தப்ப முடியாது.

ஹலோ டைமரையே குறைத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். குறைக்கலாம், ஆனால் ஓர் எல்லை வரைதான். பி.ஜி.பி.யின் ஹோல்ட் டைம் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் குறைந்தது 3 வினாடியாவது இருக்க வேண்டும் என்பது விதி. சில ரவுட்டர்களில் ஓ.எஸ்.பி.எஃப்.இன் இறப்புக் காலத்தை ஒரு வினாடி வரை இறக்க வழி உண்டு. ஆனால் அந்த ஹலோ ஒவ்வொன்றையும் ரவுட்டரின் மைய சி.பி.யு.வில் ஓடும் ரூட்டிங் புரோசஸ்தான் படித்தாக வேண்டும். பாதைகளைக் கணக்கிடுவது, அட்டவணைகளைப் புதுப்பிப்பது, நிர்வாகியின் கட்டளைக்குப் பதில் சொல்வது ஆகிய வேலைகளுக்கு நடுவே அந்தப் புரோசஸ் ஒரு வினாடி தாமதித்தாலும் நல்ல இணைப்பு விழுந்ததாக முடிவாகிவிடும். மேலும் ஒரே இணைப்பில் ஓ.எஸ்.பி.எஃப்.உம் பி.ஜி.பி.யும் ஓடினால், இரண்டும் தனித்தனியாக நாடி பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையை ரூட்டிங் நெறிமுறைகளின் கையிலிருந்து பிரித்தெடுத்துச் சிறிய, தனியான ஒரு நெறிமுறையிடம் ஒப்படைத்ததே பி.எஃப்.டி., அதாவது பைடைரக்‌ஷனல் ஃபார்வர்டிங் டிடெக்‌ஷன். டேவ் காட்ஸ், டேவ் வார்ட் இருவரும் எழுதிய இதன் விதிமுறை 2010 ஜூனில் ஆர்.எஃப்.சி. 5880 ஆக வெளிவந்தது. அதற்குப் பாதை கண்டுபிடிக்கத் தெரியாது, அண்டை ரவுட்டரைத் தானாகத் தேடிக்கொள்ளவும் தெரியாது. ஓ.எஸ்.பி.எஃப். போன்ற ஒரு நெறிமுறை வந்து, ‘இந்த முகவரியில் இருப்பவரைக் கவனித்துக்கொள்’ என்று சொன்ன பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். இரு ரவுட்டர்களும் யு.டி.பி. 3784 என்ற போர்ட் எண்ணுக்குச் சிறு பாக்கெட்டுகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றின் கட்டாயப் பகுதி 24 பைட் மட்டுமே. அமைப்பு மாறாத அளவில் இருப்பதால் இதை மைய சி.பி.யு.வைத் தொந்தரவு செய்யாமல் போர்ட்டுகளைத் தாங்கும் லைன் கார்டின் சிப்பிலேயே அனுப்பவும் பெறவும் முடிகிறது. பல நெறிமுறைகள் ஒரே இணைப்பில் ஓடினாலும் பி.எஃப்.டி. செஷன் ஒன்றே போதும். அது விழுந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும்.

அமைக்கும்போது முதலில் செய்யும் தவறும் இதையொட்டியே நிகழ்கிறது. பல ரவுட்டர்களில் இன்டர்ஃபேஸின் கீழ் பாக்கெட்டுகளுக்கிடையேயான இடைவெளியையும், எத்தனை பாக்கெட் தவறலாம் என்று சொல்லும் பெருக்கியையும் எழுதுவது ஒரு பாதி வேலைதான். ஓ.எஸ்.பி.எஃப்.இன் கீழ் அந்த இன்டர்ஃபேஸுக்குப் பி.எஃப்.டி.யைப் பயன்படுத்தச் சொல்வதும், பி.ஜி.பி.யில் அந்த அண்டை ரவுட்டருக்கு எதிரே அதைக் குறிப்பிடுவதும் மறுபாதி. முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டால் கட்டமைப்புக் கோப்பில் எண்கள் அழகாகத் தெரியும், ஆனால் செஷன் என்று ஒன்றே உருவாகியிருக்காது. இணைப்பு அறுந்த நாளில்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

இனி எண்களுக்கு வருவோம். ஒவ்வொரு முனையிலும் மூன்று எண்கள் உண்டு: நான் எவ்வளவு வேகமாக அனுப்ப விரும்புகிறேன், எவ்வளவு வேகமாக வருவதை என்னால் தாங்க முடியும், எத்தனை பாக்கெட் தொடர்ந்து வராவிட்டால் மரணம் என்று கொள்ள வேண்டும் (இதுவே பெருக்கி). இவற்றை இரு முனைகளும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. அனுப்புபவரின் விருப்பம், பெறுபவரின் தாங்குதிறன் ஆகிய இரண்டில் எது மெதுவானதோ அதுவே நடைமுறைக்கு வரும்.

ஓர் உதாரணத்தை எண்ணோடு போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். இடது ரவுட்டர் 100 மில்லிவினாடிக்கு ஒன்று அனுப்ப விரும்புகிறது, 300 மில்லிவினாடிக்கு ஒன்று வருவதைத்தான் தாங்கும், பெருக்கி 3. வலது ரவுட்டர் 50 மில்லிவினாடிக்கு ஒன்று அனுப்ப விரும்புகிறது, அதே வேகத்தில் பெறவும் தயார், பெருக்கி 4. இடதிலிருந்து வலதுக்கு 100 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் போகும். இடது ரவுட்டரின் பெருக்கி 3 என்பதால், வலது ரவுட்டர் 300 மில்லிவினாடி மௌனத்துக்குப் பின் இணைப்பு விழுந்ததாக அறிவிக்கும். எதிர்த்திசையில் வலது ரவுட்டர் 50 மில்லிவினாடி வேகத்தை விரும்பினாலும், இடது ரவுட்டர் 300க்கு மேல் வேகம் வேண்டாம் என்பதால் 300 மில்லிவினாடிக்கு ஒன்றுதான் போகும். வலது ரவுட்டரின் பெருக்கி 4 அதோடு சேர, இடது ரவுட்டர் 1,200 மில்லிவினாடி காத்திருக்கும். ஒரே இணைப்பில் ஒரு முனை மற்றதைவிட நான்கு மடங்கு மெதுவாக விழித்துக்கொள்கிறது. இங்கே மனத்தில் பதிய வேண்டியது, நான் எழுதும் பெருக்கி என் காத்திருப்பைத் தீர்மானிப்பதில்லை, எதிர்முனையின் காத்திருப்பையே தீர்மானிக்கிறது என்பது. இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல், தங்கள் பக்கத்துப் பெருக்கியை மாற்றி மாற்றிப் பார்த்துச் சோர்ந்தவர்களை நான் அறிவேன். இரு முனைகளிலும் ஒரே எண்களை எழுதுவதே நல்ல பழக்கம்.

எல்லாப் பாக்கெட்டுகளும் ஒரே கணத்தில் குவியாதிருக்க, ஒவ்வொரு இடைவெளியும் தோராயமாக 25 சதவீதம் வரை குறைக்கப்படுகிறது. காத்திருப்புக் காலம் மட்டும் முழு இடைவெளியைக் கொண்டே கணக்கிடப்படும். ஆகவே 300 மில்லிவினாடியும் பெருக்கி 3உம் கொண்ட செஷன், கோளாறு எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்பதைப் பொறுத்து, சுமார் 600 முதல் 900 மில்லிவினாடிக்குள் அதைக் கண்டுபிடிக்கும். செஷன் மேலெழும்பாத நிலையில் எந்த ரவுட்டரும் வினாடிக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பக்கூடாது என்றும் விதி இருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் பாக்கெட்டைக் கொட்டுவதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு மிகச் சரியானது. ஆகையால் புதிதாக அமைத்த செஷன் உடனே வேகமெடுக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை.

பிறகு எந்த எண்ணை எழுதுவது? இதில்தான் என் கருத்து பலருடைய வழக்கத்திலிருந்து வேறுபடுகிறது. எவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து பலர் தொடங்குகிறார்கள். பெட்டி 50 மில்லிவினாடியை ஏற்றுக்கொள்கிறது என்றால் 50 என்று எழுதிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வேறு. நல்ல நிலையில் இருக்கும் இந்தப் பாதை, எந்தக் கோளாறும் இல்லாமலேயே, அதிகபட்சம் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கக்கூடும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கண்டறியும் காலம் அந்த மௌனத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்குக் குறைவான எந்த எண்ணும் இல்லாத கோளாறைக் கண்டுபிடிக்கவே பயன்படும்.

இதைக் கற்றுக்கொடுத்தது இன்னொரு இடத்தில் நடந்த ஒரு தொல்லை. அங்கே ரவுட்டர் மென்பொருளாக ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடியது. 50 மில்லிவினாடி, பெருக்கி 3 என்று அமைத்திருந்தார்கள். பகல் முழுவதும் எந்தக் குறையும் இல்லை. இரவில் மட்டும், ஏறத்தாழ ஒரே நேரத்தில், செஷன் விழுந்து சில வினாடிகளில் எழுந்தது. ஃபைபரைச் சோதித்தார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள், சேவை நிறுவனத்திடம் புகார் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், இரவு பேக்கப்புக்காக ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அந்த விர்ச்சுவல் மெஷின் ஒரு கணம் உறைந்து நின்றிருக்கிறது. 150 மில்லிவினாடிக்கு மேல் அது பேசாமல் இருந்ததால் எதிர்முனை இறந்ததாக முடிவுகட்டியது. ஒவ்வொரு முறையும் ஓ.எஸ்.பி.எஃப். உறவு முறிந்து, நெட்வொர்க் முழுவதும் பாதைகள் மறுகணக்கிடப்பட்டு, பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. உண்மையான கோளாறு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் இணைப்பில், பொய்க் கோளாறு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. இடைவெளியை 300 ஆக உயர்த்திய அன்றோடு அது நின்றது.

அந்த மௌனத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். பி.எஃப்.டி. சிப்பில் ஓடுகிறதா, சி.பி.யு.வில் ஓடுகிறதா என்பது முதலாவது. சிப்பில் ஓடினால் 50 மில்லிவினாடியைத் தயங்காமல் கேட்கலாம், சி.பி.யு.வில் ஓடினால் 300க்குக் கீழே இறங்க எனக்கு மனம் வராது. ஐந்நூறு செஷன்களை 50 மில்லிவினாடியில் வைத்தால் வினாடிக்கு 10,000 பாக்கெட் அனுப்பவும் அதே அளவு பெறவும் வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவது, நெரிசல். பி.எஃப்.டி. பாக்கெட்டுக்கு முன்னுரிமைக் குறி இருந்தாலும், நடுவிலிருக்கும் நெட்வொர்க் அந்தக் குறியை மதிக்காவிட்டால், இணைப்பு நிரம்பும் வேளையில் அது மற்றவற்றோடு சேர்ந்து கீழே விழும். வேலை மிகுந்த நேரத்தில் செஷன் முறிந்து, போக்குவரத்து முழுவதும் இன்னொரு இணைப்பில் சாய்ந்து அதையும் நிரப்பிவிடும். ரவுட்டரின் சி.பி.யு.வைக் காக்கப் போடப்படும் வடிகட்டியில் 3784க்குத் தனி இடம் ஒதுக்காமல் விடுவதும் இதே விளைவைத் தரும். மூன்றாவது, அடியில் இருக்கும் ஒளியிழைக் கருவிகளின் சொந்தப் பாதுகாப்பு. பழைய ஒளியிழைத் தொலைத்தொடர்பு முறையான எஸ்.டி.எச். காலத்திலிருந்தே அத்தகைய கருவிகள் 50 மில்லிவினாடிக்குள் மாற்று இழைக்குத் தாவிக்கொள்வதை இலக்காகக் கொண்டவை. அதைவிடச் சிறிய கண்டறியும் காலத்தை மேலே வைத்தால், அடியில் தானாகச் சரியாகப்போகும் ஒன்றுக்காக ரூட்டிங் முழுவதும் குலுங்கும். மேகக் கணினி நிறுவனங்களும் இந்த எச்சரிக்கையோடுதான் நடந்துகொள்கின்றன: அமேசானின் டைரக்ட் கனெக்ட் சேவையில் அவர்கள் தரும் குறைந்தபட்ச இடைவெளி 300 மில்லிவினாடி, பெருக்கி 3. அங்கும் வாடிக்கையாளர் தன் ரவுட்டரில் பி.எஃப்.டி.யை அமைத்த பிறகே அது நடைமுறைக்கு வரும்.

எக்கோ என்ற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் ரவுட்டர் தன்னுடைய முகவரிக்கே எழுதிய ஒரு பாக்கெட்டை அண்டை ரவுட்டரிடம் கொடுக்கிறது. அண்டை ரவுட்டர் அதைச் சாதாரணப் பாக்கெட்டைப் போலவே திருப்பி அனுப்பிவிடுகிறது. எதிர்முனையின் பி.எஃப்.டி. மென்பொருள் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே உண்மையான போக்குவரத்து போகும் பாதையே சோதிக்கப்படுகிறது என்பது இதன் சிறப்பு. ஆனால் வந்த வழியே திரும்பும் பாக்கெட்டைக் கண்டால் ரவுட்டர்கள் ‘இதைவிட நேர்வழி உண்டு’ என்று சொல்லும் ஐ.சி.எம்.பி. ரீடைரக்ட் செய்தியை அனுப்பும் பழக்கம் உடையவை. அதை அந்த இன்டர்ஃபேஸில் நிறுத்திவிட வேண்டும். மூல முகவரியைச் சரிபார்க்கும் பாதுகாப்பு அமைப்பு இருந்தால், அதுவும் இந்தப் பாக்கெட்டைப் போலியானதென்று எறிந்துவிடக்கூடும்.

ஒரே ஒரு செஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் பொய்த்துப்போகும் இடம், பல கேபிள்களைச் சேர்த்து ஒன்றாகக் கட்டிய லேக் இணைப்பு. நான்கு கேபிள்களில் ஒன்று விளக்கு எரிந்தபடியே செத்துப்போனால், பி.எஃப்.டி. பாக்கெட்டுகள் மற்ற மூன்றில் ஒன்றின் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்வரை செஷன் நன்றாகவே இருக்கும். பயனர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மட்டும் எதுவும் திறக்காது. எனக்கு எல்லாம் வேலை செய்கிறது, பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும் செய்யவில்லை என்ற வகைப் புகார் இதன் அடையாளம். இதற்கு விடையாக 2014இல் வந்த ஆர்.எஃப்.சி. 7130, ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனி செஷன் வைக்கும் முறையைத் தருகிறது. அதே போல், பி.எஃப்.டி. பாக்கெட் சிறியது என்பதால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் நடுவில் விழும் எம்.டி.யு. (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறு அதன் கண்ணில் படாது.

எங்கே போடுவது என்பதிலும் தெளிவு தேவை. நடுவில் எதுவும் இல்லாத நேரடி ஃபைபரில் இன்டர்ஃபேஸே முதலில் விழுந்துவிடும் என்பதால் அங்கே மிதமான எண்களோடு ஒரு துணையாக வைத்தால் போதும். நிர்வாகி கையால் எழுதிவைக்கும் நிலையான ரூட்டுக்கு இது மிகவும் பயனுள்ளது; நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால், அடுத்த ரவுட்டர் செத்துப்போனாலும் நிலையான ரூட் தானாக விலகுவதில்லை, பி.எஃப்.டி.யோடு கட்டினால்தான் விலகும். ஒரே நிறுவனத்துக்குள் லூப்பேக் முகவரிகளுக்கிடையே (எந்தக் கேபிளையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரிகள்) ஓடும் உள் பி.ஜி.பி.க்கு இதைப் போடுவதை நான் பொதுவாகத் தவிர்ப்பேன். அடியில் ஓ.எஸ்.பி.எஃப். மாற்றுப்பாதை கண்டுபிடிக்கும் அந்தச் சில நூறு மில்லிவினாடிக்குள் மேலே இருக்கும் பி.ஜி.பி. செஷனை முறித்துவிடுவது, தாங்கும் சுவர் நிற்கும்போதே கூரையை இடிப்பதற்குச் சமம்.

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்ற ஏற்பாட்டோடு பி.எஃப்.டி.யைச் சேர்க்கும்போது எச்சரிக்கை வேண்டும். அந்த ஏற்பாடு, ரூட்டிங் புரோசஸ் மறுபடி தொடங்கும்வரை பழைய பாதைகளில் பாக்கெட்டைத் தொடர்ந்து அனுப்பு என்கிறது, பி.எஃப்.டி.யோ, பேச்சு நின்றதும் எல்லாவற்றையும் விடு என்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதியைச் சாராமல் தன் பி.எஃப்.டி. ஓடுகிறதா என்பதைச் சொல்ல ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பிட் உண்டு. எதிர்முனை அந்தப் பிட்டை ஏற்றி அனுப்பினால் இரண்டும் ஒத்துப்போகும். ஏற்றவில்லை என்றால், மறுதொடக்கத்தின்போது பி.எஃப்.டி. விழுவது இயல்பே, அதை உண்மையான கோளாறிலிருந்து பிரித்தறிய முடியாது. அத்தகைய பெட்டிகளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கண்டுபிடிப்பது வேறு, மீள்வது வேறு. பி.எஃப்.டி. 150 மில்லிவினாடியில் கூவினாலும், சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.இன் பழைய பதிப்புகளில் ஓ.எஸ்.பி.எஃப். தன் கணக்கீட்டைத் தொடங்கவே வழக்கமாக 5 வினாடி காத்திருக்கும். அந்தத் தாமதத்தைக் குறைக்காமல் பி.எஃப்.டி.யை மட்டும் வேகப்படுத்துவதில் பெரிய லாபம் இல்லை. முழு இணைய அட்டவணையைச் சுமக்கும் ரவுட்டரில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி.வி.4 பாதைகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி எழுதப் பல வினாடிகள் ஆகலாம். மாற்றுப்பாதையை முன்கூட்டியே கணக்கிட்டுச் சிப்பில் எழுதிவைக்கும் எல்.எஃப்.ஏ. போன்ற ஏற்பாடு இருக்கும்போதுதான், பி.எஃப்.டி. மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மில்லிவினாடியும் பயனரைப் போய்ச் சேரும்.

அமைத்து முடித்த பின் கேபிளைப் பிடுங்கிச் சோதிப்பவர்கள் உண்டு. கேபிளைப் பிடுங்கினால் இன்டர்ஃபேஸ் விழுகிறது, பி.எஃப்.டி.க்கு அங்கே வேலையே இல்லை, ஆகவே சோதனை தேறியது போலத் தோன்றும். நடுவிலிருக்கும் ஸ்விட்சில் அந்த வி.லேனை (இந்த இணைப்புக்கென ஒதுக்கிய மெய்நிகர் பாதை) மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு திசையில் மட்டும் 3784 பாக்கெட்டுகளைத் தடுக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டு இரு முனைகளிலும் செஷனின் விவரத்தைத் திறந்தால், இறுதியாக விழுந்ததற்கான காரணக் குறியீடு தெரியும். 1 என்றால் இந்த முனையே மௌனத்தைக் கண்டு முடிவெடுத்தது. 3 என்றால் எதிர்முனை விழுந்ததாகச் சொன்னதைக் கேட்டு இது விழுந்தது. 7 என்றால் யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள். ஒரு திசை மட்டும் தடைபட்டால் பாக்கெட் கிடைக்காத முனையில் 1உம் மற்ற முனையில் 3உம் இருக்கும். இரு திசையும் போயிருந்தால் இரண்டிலும் 1 இருக்கும். நள்ளிரவில் சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது, எந்தத் திசையில் பழுது என்று சொல்ல முடிந்தால், அவர்கள் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.